நாடியின் வரலாறு – 14: கடிவாளம் யார் கையில்?

1994 ஜனவரி 17, அதிகாலை 4.31 மணி. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வடமேற்கே நார்த்ரிட்ஜ் பகுதியில் பூமி அதிர்ந்தது. நெடுஞ்சாலைப் பாலங்கள் சரிந்தன. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளம் அப்படியே நசுங்கிப்போனது. ஆனால் அன்று இறந்தவர்களில் இடிபாட்டில் சிக்காதவர்களும் இருந்தார்கள். அவர்கள் உடம்பில் காயமே இல்லை. இதயம் நின்று இறந்திருந்தார்கள்.

அந்த மாவட்டத்தில் இதய நோயால் திடீரென இறந்தவர்கள், முந்தைய வாரக் கணக்குப்படி, நாளொன்றுக்குச் சராசரியாக 4.6 பேர். நிலநடுக்கத்தன்று மட்டும் 24 பேர். பிணக்கூறாய்வு அலுவலகத்தின் பதிவேடுகளைப் புரட்டி ராபர்ட் குளோனரின் குழு எடுத்த இந்தக் கணக்கு, 1996இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. 24 பேரில் 16 பேருக்கு, நிலம் அதிர்ந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நெஞ்சுவலி தொடங்கிவிட்டது அல்லது உயிரே போய்விட்டது. வழக்கத்துக்கு மீறி உடலை வருத்திக்கொண்டவர்கள் அவர்களில் மூன்றே பேர். அடுத்த ஆறு நாட்களில் தினசரி எண்ணிக்கை 2.7க்கு இறங்கியது. ரத்தக்குழாய் ஏற்கெனவே அடைபட்டு, சில நாட்களிலோ வாரங்களிலோ நின்றுபோயிருக்கக்கூடிய இதயங்களை அந்த ஒரு விடியல் முந்திக்கொண்டு நிறுத்திவிட்டது என்றே இதற்குப் பொருள் சொல்லத் தோன்றுகிறது.

பயம் பிறந்தது மண்டைக்குள். நின்றது நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தசை. இரண்டுக்கும் நடுவே என்ன வழி? அந்த வழியைத் தேடிப் போனவர்களின் கதைதான் இந்த அத்தியாயம்.

முன்பு பார்த்ததை இரண்டு வரியில் நினைவுபடுத்திக்கொள்வோம். துடிப்பதற்கு இதயத்துக்கு மூளை தேவையில்லை. உடலிலிருந்து வெட்டி எடுத்த பிறகும் அது சிறிது நேரம் துடிக்கும் என்பதை கேலன் காலத்திலேயே பார்த்திருக்கிறார்கள். துடிப்பு பிறக்கும் இடமான சைனஸ் முடிச்சை 1907இல் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் கண்டுபிடித்தார்கள். மூளை செய்வது, தானாக ஓடும் அந்தக் குதிரைக்குக் கடிவாளம் போடுவது. லைப்சிக் நகரின் வேபர் சகோதரர்கள் 1845இல் தவளையின் வேகஸ் நரம்பில் மின்சாரம் பாய்ச்சியபோது இதயம் நின்றது. மின்சாரத்தை நிறுத்தியதும் மறுபடி துடித்தது. நரம்பைத் தூண்டினால் தசை சுருங்கும் என்று மட்டுமே அறிந்திருந்த அன்றைய உடலியலாளர்களுக்கு, ஒரு நரம்பு தசையை அடக்கி வைக்கும் என்பது நம்ப முடியாத செய்தி. நரம்பு களைத்துப் போய்விட்டதால்தான் இதயம் நின்றது என்று பல ஆண்டுகள் வாதாடியவர்கள் உண்டு.

அந்தக் கடிவாளம் எப்போதும் இழுத்துப் பிடிக்கப்பட்டே இருக்கிறது. மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அறுவையின்போது நரம்புகள் எல்லாம் வெட்டப்படுவதால் அந்த இதயம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட, நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். நமக்கு 70, 75 என்று இருப்பது வேகஸின் வேலை. இப்போதே உங்கள் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பிடித்துப் பாருங்கள். மெதுவாக, ஆழமாக மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும். மூச்சை விடும்போது தளரும். இளம் வயதினரிடம் இது நன்றாகவே தெரியும். கார்ல் லுட்விக் 1847இல், தான் செய்த கைமோகிராப் கருவியின் உருளையில் இந்த ஏற்ற இறக்கம் கோடாக எழுதப்படுவதைக் கண்டார். மூச்சை இழுக்கும் அந்தச் சில விநாடிகளில் வேகஸின் பிடி தளர்கிறது. துடிப்பை முடுக்கும் பரிவு நரம்புகள் அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. அவற்றின் விளைவு வந்து சேரச் சில விநாடிகள் ஆகும். வேகஸோ அடுத்த துடிப்பையே மாற்றிவிடும்.

இதுவரை வந்தவை எல்லாம் கழுத்துக்குக் கீழே நடப்பவை. வேகஸ் புறப்படும் இடம் மூளையின் அடித்தண்டில் இருக்கும் முகுளம். அந்த முகுளத்துக்கு ஆணையிடுவது எது? 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை, முகுளத்தோடு விஷயம் முடிந்தது என்று திருப்தி அடைந்தவர்கள் அதிகம். ஆனால் மருத்துவர்கள் நோயாளியின் படுக்கை அருகே வேறொன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இங்கிலாந்தின் தலைசிறந்த அறுவை மருத்துவரான ஜான் ஹண்டர் நெடுநாள் நெஞ்சுவலிக்காரர். கோபம் வந்தால் வலி வந்துவிடும் என்பது அவருக்கே தெரியும். 1793 அக்டோபர் 16 அன்று லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் நிர்வாகக் கூட்டத்தில் வாக்குவாதம் மூண்டது. அறையை விட்டு வெளியேறியவர் சற்று நேரத்தில் உயிரிழந்தார். பிணக்கூறாய்வில் அவரது இதயத் தமனிகள் சுண்ணாம்பு படிந்து இறுகிப் போயிருந்தன.

முகுளத்துக்கு மேலே ஏணி வைத்தவர்களில் சூரிக் நகரின் வால்டர் ஹெஸ் முக்கியமானவர். 1920களில் தொடங்கிப் பல ஆண்டுகள், மயக்கம் இல்லாமல் நடமாடும் பூனைகளின் மூளை ஆழத்தில் மெல்லிய கம்பிகளைப் பதித்து அவர் தூண்டினார். ஹைப்போதலாமஸின் ஓரிடத்தில் மின்சாரம் பட்டால் பூனை சீறும், மயிர் சிலிர்க்கும், இதயம் விரையும், ரத்த அழுத்தம் ஏறும். இன்னோர் இடத்தில் பட்டால் துடிப்பு தணியும், பூனை தூங்கக்கூடத் தொடங்கும். இதில் கவனிக்க வேண்டியது, இதயம் தனியாக மாறவில்லை என்பது. சண்டைக்குத் தயாராகும் உடலின் ஒரு பகுதியாகவே அது மாறியது. 1949இல் ஹெஸ் நோபல் பரிசு பெற்றார்.

அதற்கும் மேலே, சிந்திக்கும் புறணிக்கு இதயத்தோடு தொடர்பு உண்டா? ஒரு தடயம் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்தது. 1954இல் ஜார்ஜ் பர்ச்சும் சக மருத்துவர்களும் பக்கவாதமும் மூளை ரத்தக்கசிவும் கண்டவர்களின் இசிஜி தாள்களைப் பார்த்து வியந்தார்கள். ‘டி’ அலைகள் தலைகீழாக, அகன்று, ஆழமாகக் கிடந்தன. பார்த்தால் பெரிய மாரடைப்பு என்று தோன்றும். ஆனால் அடிபட்டது தலைக்குள். மூளையின் காயம் இதயத்தின் மின்னோட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி அதுவரை கிடைத்திருக்கவில்லை.

புறணியில் எந்த இடம் என்ற தேடல் இன்சுலாவில் வந்து நின்றது. நெற்றி மடலையும் பக்க மடலையும் விலக்கினால் அவற்றின் மடிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் பகுதி இது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவர் யோஹன் கிறிஸ்டியான் ரெய்ல் இதை விவரித்தார். அதன் பிறகு ஏறத்தாழ 150 ஆண்டுகள் இது என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வலிப்பு நோய்க்காக மண்டையைத் திறந்த அறுவைகளில் மான்ட்ரியலின் வைல்டர் பென்ஃபீல்டு இதைத் தொட்டுத் தூண்டினார். நோயாளிகள் வயிற்றில் ஏதோ செய்கிறது, குமட்டுகிறது என்றார்கள். உள்ளுறுப்புகளின் உணர்வு வந்து சேரும் இடம் என்று 1955இல் அவரும் ஃபாக்கும் எழுதினார்கள்.

அடுத்த அடி கனடாவிலேயே, ஒன்டாரியோ மாநிலத்தின் லண்டன் நகரில் எடுத்து வைக்கப்பட்டது. ஸ்டீபன் ஓப்பன்ஹைமரும் சகாக்களும் முதலில் எலிகளின் இன்சுலாவைத் தூண்டிப் பார்த்தார்கள். தூண்டுதல் நீள நீள, இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்கடத்தல் படிப்படியாகத் தடைபட்டு, இறுதியில் இதயமே நின்றது. 1991இல் வெளியான இந்த ஆய்வு, திடீர் மரணத்தின் பாதை புறணியிலிருந்தே தொடங்க முடியும் என்று காட்டியது. மறு ஆண்டு மனிதர்களிடம் கிடைத்த முடிவுகள் வந்தன. வலிப்பைத் தணிப்பதற்காக மூளையில் அறுவை செய்துகொண்ட ஐந்து பேரின் இன்சுலா தூண்டப்பட்டது. இடப்பக்கத்தைத் தூண்டியபோது பெரும்பாலும் துடிப்பு தணிந்து ரத்த அழுத்தம் இறங்கியது. வலப்பக்கத்தில் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்.

வலது முடுக்கி, இடது தடை. இவ்வளவு எளிதான சூத்திரம் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? பாடநூல்கள் அதை உடனே ஏற்றுக்கொண்டன. ஆனால் பின்னர் கூடுதலான நோயாளிகளிடம் செய்த ஆய்வுகளில் அந்தப் பிரிவு அத்தனை சுத்தமாக அமையவில்லை. இரு பக்கமும் இரு வேலையையும் செய்தன. எனக்கு இந்த ஏமாற்றம்தான் இந்த வரலாற்றின் மிகப் பயனுள்ள பகுதி என்று படுகிறது. முகுளம், ஹைப்போதலாமஸ், இன்சுலா என்று ஒவ்வொரு தலைமுறையும் ஓரிடத்தைக் கண்டுபிடித்து, இதோ அரியணை என்றது. ஒவ்வொரு முறையும் அந்த அரியணைக்கு மேலும் பக்கத்திலும் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். 1993இல் மேயோ கிளினிக்கின் எட்வர்டோ பெனரோச், இன்சுலா, சிங்குலேட், அமிக்டலா, ஹைப்போதலாமஸ், நடுமூளை, முகுளம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒரே வலையாக எழுதியபோதுதான், ஓரிடத்தைத் தேடும் பழக்கத்திலிருந்து துறை மெல்ல விடுபடத் தொடங்கியது.

அந்த வலை உயிருள்ள மனிதரிடம் இயங்குவதைப் பார்க்கும் வழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1995இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பரத் பிஸ்வால் என்ற இந்திய மாணவர், எம்ஆர்ஐ கருவிக்குள் எதுவும் செய்யாமல் படுத்திருப்பவர்களின் மூளையைப் படம் பிடித்தார். இடக்கையையும் வலக்கையையும் இயக்கும் இரு பகுதிகளிலும், கை அசையாதபோதே, ரத்த ஓட்டத்தின் மெதுவான ஏற்ற இறக்கம் ஒத்துப்போனது. ஏறினால் இரண்டும் ஏறின, இறங்கினால் இரண்டும் இறங்கின. பலர் நம்பவில்லை. இதயம் துடிப்பதாலும் மூச்சு விடுவதாலும் படத்தில் விழும் இரைச்சல் என்றார்கள். அந்த ஐயம் நியாயமானது. அதனால் இதயத் துடிப்பின் தடத்தைப் படத்திலிருந்து கழித்துவிடும் கணக்கு முறைகள் உருவாயின. இதயத்தை வடிகட்டி எறிந்துவிட்டு மூளையைப் படித்தார்கள். பிறகு, எறிந்ததற்கும் வைத்திருந்ததற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அதற்குள் வலைகள் ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்டன. நாம் சும்மா இருக்கும்போது, நம்மைப் பற்றியும் நடந்ததைப் பற்றியும் நினைத்துக்கொண்டிருக்கும்போது ஓங்கும் ‘இயல்புநிலை வலை’யை செயின்ட் லூயிஸ் நகரின் மார்க்கஸ் ரெய்க்கல் 2001இல் விவரித்தார். 2007இல் வில்லியம் சீலியின் குழு இன்னும் இரண்டைப் பிரித்துக் காட்டியது. ஒன்று, வேலையில் கவனம் குவிக்கும் ‘செயலாட்சி வலை’. மற்றது, சுற்றிலும் உள்ளும் நடப்பவற்றில் எது முக்கியம் என்று பொறுக்கும் வலை. இந்த இரண்டாவதன் மையம் இன்சுலாவின் முன்பகுதியும் சிங்குலேட்டும். அதாவது, இதயத்தைத் தொட்ட அதே இடங்கள்.

2008இல் ஸ்டான்ஃபோர்டில் வினோத் மேனனும் தேவராஜன் ஸ்ரீதரனும் (இவர் இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறார்) டேனியல் லெவிட்டினுடன் சேர்ந்து, இந்த வலைகளில் எது எதை நடத்துகிறது என்று கேட்டார்கள். கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு 18ஆம் நூற்றாண்டின் வில்லியம் பாய்ஸ் இயற்றிய சிம்பொனிகளைப் போட்டார்கள். ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்கும் தருணத்தில் முதலில் எழுந்தது இன்சுலாவின் வலப்பக்க முன்பகுதி. பின்னாலேயே செயலாட்சி வலை ஏறியது, இயல்புநிலை வலை அடங்கியது. இசை இல்லாத வேறு சோதனைகளிலும் அதே வரிசை. ரத்த ஓட்டம் போன்ற மந்தமான ஒன்றை வைத்து ‘இது முன், அது பின்’ என்று சொல்லும் கணக்கு முறை இன்றும் விவாதத்துக்கு உரியது. ஆனாலும் இன்சுலா வலைகளுக்கு நடுவே நிற்கிறது என்ற கருத்து நிலைத்துவிட்டது.

இதயம் மறுபடி உள்ளே வந்தது 2013இல். மூளைப் படம் எடுக்கும்போதே இதயத் துடிப்பு, தோலின் வியர்வை போன்றவற்றையும் அளந்த பல ஆய்வுகளை ஃபுளோரியன் பைஸ்னரின் குழு ஒன்றாகத் திரட்டியது. பரிவு நரம்பின் செயல்பாடு பெரும்பாலும் செயலாட்சி வலையோடும், முக்கியமானதைப் பொறுக்கும் வலையோடும் சேர்ந்து போனது. வேகஸின் செயல்பாடு பெரும்பாலும் இயல்புநிலை வலையோடு சேர்ந்தது. ஆக, ஒரு வலை இன்னொன்றை அடக்கி எழும்போது மாறுவது நினைப்பு மட்டும் அல்ல. முகுளத்துக்குப் போகும் உத்தரவின் எடையும் மாறுகிறது, நாடியும் மாறுகிறது. நார்த்ரிட்ஜில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் அதிர்ந்து எழுந்த விநாடியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். வேகஸ் கைவிடுகிறது. பரிவு நரம்புகளும் அட்ரினலினும் முழு வேகத்தில் பாய்கின்றன. அடைபட்ட தமனிக்குப் பின்னால் இருக்கும் தசை அதைத் தாங்கவில்லை.

கீழிருந்து மேலே போகும் பாதையை இங்கே விட்டுவிட்டால் கதை பாதிதான். 1866இல் லுட்விக்கின் ஆய்வகத்தில் இல்யா சையோன் முயலின் ஒரு மெல்லிய நரம்பை வெட்டினார். இதயத்தின் பக்கம் இருந்த முனையைத் தூண்டினால் ஒன்றும் நடக்கவில்லை. மூளையின் பக்கம் இருந்த முனையைத் தூண்டியதும் ரத்த அழுத்தம் இறங்கியது, துடிப்பு தளர்ந்தது. அது இதயப் பக்கத்திலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு. வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மேலே போகும் இழைகள்தான். அவற்றில் ஒற்றை இழையைப் பிரித்தெடுத்து, இதயத்தின் மேலறை நிரம்பும்போது ஒருவகை ஏற்பியும் சுருங்கும்போது இன்னொரு வகையும் செய்தி அனுப்புவதை 1953இல் பதிவு செய்தவர் அவுதார் சிங் பெயின்டல். பின்னாளில் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். நம் பாடநூல்களில் அவருக்கு இன்னும் பெரிய இடம் தந்திருக்க வேண்டும்.

மேலே போகும் செய்திக்கு எவ்வளவு வலு? 2023இல் ஸ்டான்ஃபோர்டின் கார்ல் டைசராத் குழு காட்டியது. சுண்டெலியின் இதயத் தசையில் ஒளிக்கு இசையும் புரதத்தைச் சேர்த்து, மார்பின் மேல் கட்டிய சிறு அங்கியிலிருந்து சிவப்பு ஒளி பாய்ச்சி, நிமிடத்துக்கு 660 அளவில் இருந்த துடிப்பை விட்டுவிட்டு 900க்கு ஏற்றினார்கள். கத்தி இல்லை, மருந்து இல்லை. ஆபத்து இருக்கக்கூடிய திறந்த வெளிக்குப் போக சுண்டெலி தயங்கியது. மூளையில் விழித்திருந்தது இன்சுலாவின் பின்பகுதி. அதை அடக்கியபோது பயமும் குறைந்தது. துடிப்பு விரைந்ததே பயத்தை வளர்த்திருக்கிறது.

கடைசியாக ஹிரோஷிமா. அங்கே நகர மருத்துவமனையில் 1983இல் நெஞ்சுவலியோடு வந்த ஒருவரிடம் தொடங்கி, ஹிகாரு சாட்டோவும் சகாக்களும் விநோதமான சில நோயாளிகளைக் கண்டார்கள். இசிஜியில் மாரடைப்பு. ஆஞ்சியோகிராமில் எந்தத் தமனியிலும் அடைப்பு இல்லை. ஆனால் இடக் கீழறையின் நுனி சுருங்காமல் பலூனாக உப்பியிருந்தது. கழுத்துப் பகுதி மட்டும் இறுகிச் சுருங்கியது. ஜப்பானிய மீனவர்கள் கணவாய் இனத்து ஆக்டோபஸைப் பிடிக்கும் பானையின் வடிவம். அந்தப் பானையின் பெயராலேயே 1990இல் ‘டாக்கோட்சுபோ’ என்று எழுதினார்கள். பெரும்பாலோருக்கு சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பியது.

2015இல் சூரிக்கின் கிறிஸ்டியான் டெம்ப்ளின் குழு 1,750 நோயாளிகளின் விவரத்தைத் தொகுத்தது. 10 பேரில் 9 பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்ற வயதினர். துக்கம், பயம், சண்டை போன்ற மன அதிர்ச்சி முன்னால் இருந்தது சுமார் 28 சதவீதத்தினருக்கு. உடல்நோயோ அறுவையோ முன்னால் இருந்தது 36 சதவீதத்தினருக்கு. மற்றவர்கள் பலருக்குக் காரணமே தெரியவில்லை. மன அதிர்ச்சியால் வந்த 485 பேரில் 20 பேருக்கு அந்த அதிர்ச்சி மகிழ்ச்சியானதாகவும் இருந்தது. 2019இல் அதே குழு இந்த நோய் கண்ட 15 பேரின் மூளையைப் படம் எடுத்தபோது, உணர்ச்சியையும் இதயத்தையும் ஆளும் பகுதிகளுக்கு இடையே இணைப்பு மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. நோய் வந்ததால் குறைந்ததா, குறைந்திருந்ததால் நோய் வந்ததா? 2021இல் பாஸ்டன் மருத்துவர்கள் ஒரு பதிலைத் தந்தார்கள். வேறு காரணத்துக்காக முன்பே மூளைப் படம் எடுத்து, பின்னாளில் டாக்கோட்சுபோ கண்ட 41 பேரை அவர்கள் தேடிப்பிடித்தார்கள். பயத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவின் இயக்கம் அந்தப் பழைய படங்களிலேயே கூடியிருந்தது. எவருக்கு அதிகமோ அவருக்கு நோயும் சீக்கிரம் வந்திருந்தது. வலைகளின் சமநிலை முன்பே சாய்ந்திருந்தது, அதிர்ச்சி பின்னால் வந்தது.

பெரும்பாலோர் தேறிவிடுவார்கள் என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த 1,750 பேரில் நூற்றுக்கு நான்கு பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். சாவு வீட்டிலோ சண்டைக்குப் பிறகோ ஒரு பெண் நெஞ்சை அடைக்கிறது என்றால், அழுத களைப்பு, கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அது டாக்கோட்சுபோவா, உண்மையான மாரடைப்பா என்று இசிஜியை மட்டும் பார்த்து மருத்துவராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. தயவுசெய்து காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.